பூத்தை எண்ணுறதுக்கு முன்னாடி கரையில யாரு இருந்தாங்கன்னு எண்ணுங்க

2024 ஜூன் 4 சாயங்காலம், தங்கச்சிமடத்துல ஒரு டீக்கடை. ரிசல்ட் வந்துருச்சு. திமுக கூட்டணியில முஸ்லிம் லீக்கோட ஏணி சின்னத்துல நின்ன நவாஸ் கனி 5,09,664 ஓட்டு வாங்கி ராமநாதபுரத்துல ரெண்டாவது தடவையும் ஜெயிச்சுட்டாரு, பாஜக ஆதரவோட பலாப்பழத்துல நின்ன ஓ.பன்னீர்செல்வத்துக்கு 3,42,882. எங்க மாமா ஒருத்தர், ரொம்ப வருஷம் விசைப்படகு ஓட்டுனவரு, போன்ல பழைய கணக்கை நோண்டி எடுத்துட்டு "ஏம்ப்பா, 2019ல தாமரையில நின்ன நயினார் நாகேந்திரனுக்கு விழுந்தது 3,42,821, வித்தியாசம் வெறும் 61, மீன்பிடித் தடைக்காலத்து நாள் கணக்கு மாதிரியே இருக்கு பாரு, அதே ஆளுங்க அதே மாதிரி குத்திட்டு வந்துருக்காங்க, இவங்க மாறவே மாட்டாங்க"ன்னாரு. கடையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா மாமா சொன்னது சுத்தமா தப்பு.

ஏன் தப்புன்னா 2019ல தாமரைக்குப் பின்னாடி அதிமுக முழுசா இருந்துச்சு, இரட்டை இலைக்காரங்க எல்லாரும் தாமரையத் தேடித்தான் குத்தணும். 2024ல அதிமுக தனியா நின்னு 99,780 வாங்குச்சு. 2019ல பரிசுப்பெட்டியில தனியா நின்னு 1,41,806 வாங்குன தினகரனோட அமமுக, 2024ல பன்னீர்செல்வம் பக்கம். ஒரு பக்கம் போச்சு, இன்னொரு பக்கம் வந்துச்சு, கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட அதே நம்பர். பாத்திரம் அதேதான், உள்ள இருக்க தண்ணி வேற. இதை மொத்தக் கணக்குல கண்டுபிடிக்கவே முடியாது, தெருவுக்குத் தெரு இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்.

அந்த வேலையத்தான், அதாவது பூத் கணக்கை வச்சு ஒரு தெரு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குறத, எப்படி செய்றதுன்னு எழுதுறேன். நான் மண்டபம் ஊர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியல் பிரிண்ட் எடுக்க எல்லா கட்சிக்காரங்களும் நம்ம கடைக்குத்தான் வருவாங்க, அப்படியே பழகி ரெண்டு மூணு தேர்தலுக்கு பூத் ஏஜெண்டாவும் உக்காந்துருக்கேன் (எந்தக் கட்சிக்குன்னு கேக்காதீங்க, எங்க வீட்டுலயே தெரியாது). ஒரு வேட்பாளர் ஆபீஸ்ல பூத் வாரியா கணக்குப் போட்டுத் தரச் சொல்லி 11 நாள் ராத்திரி கண்ணு முழிச்சு போட்டுக் குடுத்தேன், அதுக்கு இன்னும் காசு வரல, அது தனிக்கதை. காசு வரலைன்னாலும் வேலையக் கத்துக்கிட்டேன்.

முதல்ல உங்க ஏரியான்னா எதுன்னு முடிவு பண்ணுங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதிப்பேரு இங்கயே வழுக்கி விழுவாங்க. நகராட்சி வார்டு வேற, சட்டமன்றத் தொகுதியோட பாகம் வேற. வார்டு தேர்தலை நடத்துறது மாநிலத் தேர்தல் ஆணையம், எம்எல்ஏ எம்பி தேர்தலை நடத்துறது இந்தியத் தேர்தல் ஆணையம், ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராது. உங்க ஓட்டர் ஐடி நம்பரைப் போட்டுத் தேடுனா பாகம் எண், வரிசை எண், எந்தப் பள்ளிக்கூடத்துல பூத்துன்னு வரும். அந்தப் பாகத்தோட பட்டியலை இறக்கிக்கோங்க, தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்லயே பிடிஎஃப்பா இருக்கும், முதல் பக்கத்துல அந்தப் பாகத்துல எந்தெந்தத் தெரு வருதுன்னு பிரிவு பிரிவா போட்டுருப்பாங்க. அந்தத் தெருப்பேரை ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துப் பாகங்களோடதையும் எழுதி, ஒரு மேப் கையால வரைஞ்சுக்கோங்க. கம்ப்யூட்டர் மேப்பெல்லாம் வேணாம், கையால வரைஞ்சாத்தான் ஊரு மண்டையில ஏறும்.

ஒரு தெருவோட ஒரு பக்கம் ஒரு பாகத்துலயும் எதிர்ப்பக்கம் இன்னொரு பாகத்துலயும் இருக்கும், அதெல்லாம் சகஜம். கீழக்கரை மாதிரி ஊர்ல தெருவுக்குத் தெரு ஜமாத் தனி, பேச்சு தனி, முடிவு தனி, அங்க ஒரே பூத்துல ரெண்டு தெரு கலந்துருந்தா அந்த நம்பர வச்சு ரெண்டு தெருவப் பத்தியும் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த பூத்தை "கலப்பு"ன்னு குறிச்சு ஓரமா வச்சுருங்க. நம்ம கணக்குக்கு வேண்டியது ஒரே மாதிரி ஆளுங்க இருக்க பூத்துங்க, அதுமாதிரி நாலஞ்சு கிடைச்சாப் போதும்.

அடுத்து பார்ம் 20. ஓட்டு எண்ணி முடிச்சதும் தயார் பண்ற கடைசிக் கணக்கு இது, ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கட்டம், நோட்டாவுக்கு ஒண்ணு, கடைசியில தபால் ஓட்டு மொத்தமா தனி வரி. நம்ம நாட்டுல மெஷினையெல்லாம் கலந்து எண்ணாம பூத் பூத்தா எண்ணுறதாலதான் இந்தக் கணக்கே கிடைக்குது. எம்பி தேர்தலுக்கு சட்டமன்றத் தொகுதி வாரியா தனித்தனி பைலா இருக்கும். ராமநாதபுரம் எம்பி தொகுதின்னா ஆறு பைல்: ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர், பரமக்குடி, அதோட புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கி, விருதுநகர் மாவட்டத்து திருச்சுழி. நம்ம கரையப் பாக்குறவங்களுக்கு ராமநாதபுரம் முக்கியம், தொண்டிப் பக்கம்னா திருவாடானை, சாயல்குடி மூக்கையூர்ப் பக்கம்னா முதுகுளத்தூர். பல பைல் ஸ்கேன் பண்ணி ஏத்துனதா இருக்கும், கோணலா இருக்கும், 3 எது 8 எதுன்னு தெரியாது, அதனால ஒவ்வொரு வரியையும் கூட்டி கடைசிக் கட்டத்து மொத்தத்தோட ஒத்துப் போகுதான்னு பாத்துருங்க. நான் ஒருதடவ இதைப் பாக்காம ஒரு பூத்துல 318ஐ 818ன்னு அடிச்சு, அந்த ஊரே ஒரு கட்சிக் கோட்டைன்னு ரெண்டு நாள் ஊரெல்லாம் பேசிட்டுத் திரிஞ்சேன்.

எத்தனை வருஷம் பின்னாடி போகணும்னு கேப்பீங்க. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னாடி போகாதீங்க, அப்ப கடலாடின்னு ஒரு தொகுதியே தனியா இருந்துச்சு, அது போயிருச்சு, கோடெல்லாம் மாறிருச்சு. 2014ல இருந்து எடுத்தா நல்லது, ஏன்னா 2014ல நம்ம தொகுதியில பெரிய கட்சிங்க தனித்தனியா நின்னுச்சு. அன்வர் ராஜா இரட்டை இலையில 4,05,945, திமுகவுக்கு 2,86,621, பாஜகவுக்கு 1,71,082, காங்கிரஸ் தனியா வேற. எந்தத் தெருவுல எந்தக் கட்சிக்கு சொந்தமா எவ்வளவு ஓட்டு இருக்குன்னு பாக்க இதை விட நல்ல வருஷம் கிடையாது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் கூட்டணிச் சாம்பார், எது முருங்கக்கா எது கத்திரிக்கான்னு பிரிக்கிறதுக்குள்ள ஆறிப் போயிரும்.

அதனால எக்செல்ல அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல ஒவ்வொரு தேர்தலுக்கும் யாரு யாரோட இருந்தாங்கன்னு எழுதி ஒட்டிருங்க. 2011 சட்டமன்றத் தேர்தல்ல ராமநாதபுரத்துல மமகவோட (மனிதநேய மக்கள் கட்சி) ஜவாஹிருல்லா ஜெயிச்சது அதிமுக கூட்டணியில, 2021ல அதே கட்சி திமுக பக்கம். அதே ராமநாதபுரத்துல 2016ல ஜெயிச்சது அதிமுக மணிகண்டன், 2021ல திமுக காதர்பாட்சா முத்துராமலிங்கம். அதிமுகவும் பாஜகவும் 2019ல சேந்து, 2021ல சேந்து, 2023 செப்டம்பர்ல பிரிஞ்சு, 2025 ஏப்ரல்ல மறுபடி சேந்தாச்சு. கட்சி பேரை மட்டும் பாத்துக் கோடு போட்டீங்கன்னா ஒரு தெரு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ குட்டிக்கரணம் அடிக்கிற மாதிரி தெரியும், ஆனா தெரு அங்கயேதான் உக்காந்துருக்கும், கட்சிங்கதான் இடம் மாறிருக்கும்.

இதுல சின்னம்னு ஒரு தொல்லை. 2024ல பன்னீர்செல்வம் சுயேச்சை, அதே பேர்ல இன்னும் சில பன்னீர்செல்வங்களும் சுயேச்சையா நின்னாங்க, பூத் வாரியா அந்த மத்த பன்னீர்செல்வங்களுக்கு விழுந்த ஓட்டையும் ஒரு கட்டத்துல கூட்டி வச்சுக்கோங்க. அது எந்த பூத்துல ரொம்ப அதிகமோ அங்க பலாப்பழத்தைக் கொண்டு போய் சேக்க ஆள் இல்லைன்னு நான் எடுத்துக்குவேன், சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நல்ல தடயம். அதே மாதிரி ஏணி. சூரியன்லயே குத்திப் பழகுன கை ஏணியத் தேடணும். எங்க பக்கத்து வீட்டு அப்பத்தா பூத்துக்குள்ள போயிட்டு "சூரியனக் காணோமே"ன்னு வெளிய திரும்பி வந்து எங்கிட்டயே கேக்குது, நான் ஏஜெண்டு, வாயத் தொறக்க முடியுமா, அங்க இருந்த ஆபீசர் மூஞ்சிய நான் பாக்க அவரு என் மூஞ்சியப் பாக்க, கடைசியில அதுவா உள்ள போயி எதையோ ஒண்ண அமுக்கிட்டு வந்துச்சு.

இப்ப கணக்கு. இது கஷ்டமே இல்ல. ஒரு பூத்தோட சதவீதத்த எடுங்க, அதுல இருந்து மொத்தத் தொகுதியோட சதவீதத்தக் கழிங்க, மிச்சம் வர்றதுதான் அந்த பூத்தோட சாய்வு. சும்மா உதாரணத்துக்கு, ஒரு பூத்துல 2024ல 800 ஓட்டு விழுந்துச்சுன்னு வைங்க, ஏணிக்கு 440, அப்ப 55 சதவீதம். தொகுதி மொத்தத்துல ஏணிக்கு சுமார் 46. சாய்வு கூட்டல் 9. அதே பூத்துல 2019ல 53னு வைங்க, அப்ப தொகுதியில ஏணிக்கு சுமார் 44, அதுவும் கூட்டல் 9. ரெண்டு சதவீதம் ஏறிருக்கு, ஆனா தெரு ஒரு இஞ்ச் கூட நகரல, தொகுதி முழுக்க அடிச்ச காத்துல அதுவும் ஏறிருக்கு, அவ்வளவுதான். கடலுக்குப் போறவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம், காத்து வேற நீரோட்டம் வேற, கச்சான் காத்து அடிக்கிறப்ப எல்லாப் படகும்தான் ஒரு பக்கமா ஆடும், அதை வச்சு அடியில தண்ணி எங்க இழுக்குதுன்னு சொல்ல முடியாது. நாலஞ்சு தேர்தலுக்கு இந்த சாய்வை ஒரே வரியில எழுதிப் பாருங்க. 9, 8, 9, 10னு வந்தா அது நீரோட்டம். 9, 2, கழித்தல் 4னு வந்தா அங்க ஏதோ நடந்துருக்கு, போய்ப் பாக்கணும்.

போய்ப் பாக்குறதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு இருக்கு, என்னைக் கேட்டா இதுதான் நம்ம கரையில முதல் கணக்கு. ஓட்டு நாளன்னிக்கு யாரு ஊர்ல இருந்தாங்க?

2019ல கீழக்கரையில ஒரு பூத்தைப் பாத்துட்டு நான் ரொம்ப தெரிஞ்ச மாதிரி "இந்தத் தெருக்காரங்களுக்கு தேர்தல்ல இஷ்டமே இல்ல, பாதிப்பேரு கூட வரல"ன்னு சொல்லிட்டேன். அங்க ஒரு லாத்தா (அக்கா) இருந்தாங்க, பட்டியலை என் கையில இருந்து வாங்கி பேனாவால ஒவ்வொரு பேரா தொட்டு "இவரு துபாய், இவரு சிங்கப்பூர், இவன் மலேசியா, இவன் சென்னையில கடை, இவரு மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு, இப்ப எண்ணுங்க தம்பி"ன்னாங்க. எண்ணுனேன். ஊர்ல இருந்தவங்கள மட்டும் கணக்குல எடுத்தா கிட்டத்தட்ட எல்லாருமே வந்து போட்டுருக்காங்க, அதுலயும் பொம்பளைங்கதான் அதிகம். வெளிநாட்டுல இருக்க இந்தியர் பார்ம் 6ஏ குடுத்துப் பேரு சேத்துக்கலாம், ஆனா ஓட்டுப் போட நேர்லதான் வரணும், ஒரு பட்டனுக்காக யாரு டிக்கெட் எடுத்து வருவா. அப்ப அந்த பூத்துல விழுந்தது ஊர்ல இருக்க பொம்பளைங்களோட ஓட்டும் வயசானவங்க ஓட்டும்தான். அந்தத் தெருவோட ஆம்பளை அரசியல் வாட்ஸ்அப்ல துபாய்ல நடக்குது, ஓட்டு அரசியல் அடுப்படியில நடக்குது. 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், டவுன் பஸ்ல இலவசம், இதெல்லாம் அங்க எப்படி வேலை செய்யும்னு டீக்கடையில உக்காந்து தெரிஞ்சுக்க முடியாது, டீக்கடைக்கு அவங்க வர்றதே இல்ல.

ராமேஸ்வரம் பாம்பன் பக்கம் வந்தா கணக்கு கடலை வச்சு. கிழக்குக் கரையில விசைப்படகு தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. இப்ப தேர்தல் தேதிகளைப் பாருங்க: 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19, எல்லாமே தடைக்குள்ள. 2021 ஏப்ரல் 6 மட்டும் தடைக்கு முன்னாடி. அதனால விசைப்படகுத் தெருவுல 2021ஐ மத்த வருஷத்தோட வச்சு "ஓட்டு சதவீதம் குறைஞ்சுருக்கு, கூடியிருக்கு"ன்னு பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிக்கணும். தடைன்னா எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்கன்னும் நினைக்காதீங்க, கேரளாவுல தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும், அதனால இங்க படகைக் கட்டுனதும் அங்க வேலைக்குப் போற பசங்க நிறைய. நாட்டுப்படகுக்குத் தடையே கிடையாது, அவங்க கணக்கு தனி. வெளியூர்க்காரங்க "மீனவர் ஓட்டு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லுவாங்க பாருங்க, அதைக் கேட்டா எனக்கு எரிச்சலா வரும். விசைப்படகுக்காரருக்கு டீசலும் இலங்கை நேவியும் பிடிச்சு வச்ச படகும் பிரச்சினை, நாட்டுப்படகுக்காரருக்கு அந்த விசைப்படகே பிரச்சினை, கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு வனத்துறை பிரச்சினை. கச்சத்தீவுன்னு 1974 ஒப்பந்தத்தைப் பத்தி மேடையில பேசுனா மூணு பேரும் தலையாட்டுவாங்க, வீட்டுக்குப் போயி மூணு பேரும் மூணு விதமா முடிவெடுப்பாங்க. 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலின் தடைக்கால நிவாரணத்த 5,000லேர்ந்து 8,000 ஆக்குறதா சொன்னாரு, அடுத்த ஏப்ரல்ல தேர்தல். இதை நாட்டுப்படகுத் தெருவுல ஒரு மாதிரி பேசுவாங்க, விசைப்படகுத் தெருவுல வேற மாதிரி பேசுவாங்க, ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் அந்தந்த பூத்தோட சாய்வைப் பாருங்க.

கிழமையையும் குறிச்சுக்கோங்க. 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரத்துல பள்ளிவாசல் பக்கத்து பூத்துல ஆம்பளை க்யூ காலியாயி மூணு மணிக்கு மேல மறுபடி நிறையும். மத்தியானம் வந்த சதவீதத்தை வச்சு "அந்தப் பக்கம் டல்லு"ன்னு பேசுறவங்க அன்னைக்கும் இருந்தாங்க. 2019 ஏப்ரல் 18 பெரிய வியாழன், தங்கச்சிமடம் பாம்பன் மாதிரி கிறிஸ்தவ ஊர்ல காலையில ஓட்டு, சாயங்காலம் கோயில். அதே நாள்தான் மதுரையில சித்திரைத் தேரு, மறுநாள் அழகர் ஆத்துல இறங்குறாரு, அதுக்குப் போன கூட்டமும் இருக்கு.

இன்னொண்ணு, ஊர்ல இருந்தும் ஓட்டு இல்லாதவங்க. மண்டபம் முகாம்ல இலங்கைத் தமிழர் குடும்பங்க எத்தனையோ வருஷமா இருக்காங்க, கடைக்கு வர்றாங்க, பசங்க நம்ம பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறாங்க, ஆனா அவங்களுக்கு வாக்குரிமை கிடையாது. மக்கள்தொகைய வச்சு "மண்டபத்துல இத்தனை பேரு, இத்தனை ஓட்டு"ன்னு கணக்குப் போட்டா உதைக்கும். உச்சிப்புளியில கடற்படைத் தளம் இருக்கு, அங்க இருக்கவங்கள்ல பலபேரு ஓட்டு அவங்கவங்க சொந்த ஊர்ல தபால்ல போகும். ராமேஸ்வரத்துல சன்னதித் தெருப் பக்கம் லாட்ஜும் கடையுமா இருக்க இடத்துல ராத்திரி ஆயிரம் பேரு தூங்குவான், அதுல அந்த பாகத்து ஓட்டர் எத்தனைன்னு பட்டியலப் பாத்தாத்தான் தெரியும்.

பட்டியலே இப்ப மாறிருக்கு, அதையும் மறக்காதீங்க. 2025 நவம்பர் 4லேர்ந்து தீவிரத் திருத்தம்னு வீடு வீடா பார்ம் குடுத்து வாங்குனாங்க, டிசம்பர்ல வரைவுப் பட்டியல் வந்தப்ப தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பேரு அதுல இல்ல. இறந்தவங்க, ஊரு மாறுனவங்க, ரெண்டு இடத்துல பேரு இருந்தவங்க. லாத்தா பேனாவால தொட்ட மாதிரி ஆளுங்க. அதனால பழைய பட்டியல்ல 60 சதவீதம் வந்த பூத்து, அதே ஆளுங்க அதே மாதிரி வந்தாலே இனிமே அதை விடக் கூடுதலாக் காட்டும், ஏன்னா கீழ வகுக்குற நம்பர் குறைஞ்சு போச்சு. "எழுச்சி"ன்னு டிவியில சொல்லுவாங்க, நம்பிறாதீங்க. ஒரு பூத்துக்கு 1,200 பேருக்கு மேல கூடாதுன்னும் வந்துருக்கு, முன்னாடி 1,500. பெரிய பூத்தை உடைப்பாங்க, பாகம் எண் எல்லாம் தள்ளிப் போகும். எண்ணை நம்பாதீங்க, தெருப்பேரையும் பள்ளிக்கூடத்தையும் வச்சு ஒட்டுங்க. நான் கையால மேப் வரையச் சொன்னது இதுக்குத்தான்.

சரி, இப்ப தெருவுல இறங்கலாம். "யாருக்குப் போட்டீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. ஒண்ணு பொய் சொல்லுவாங்க, இல்ல நீங்க எந்தக் கட்சின்னு உங்க மூஞ்சியில தேடுவாங்க, ரகசிய ஓட்டுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு மரியாதை குடுக்கணும். நான் தண்ணியப் பத்திக் கேப்பேன். நம்ம மாவட்டத்துல தண்ணிய விட நல்ல அரசியல் கேள்வி கிடையாது. காவிரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதடவ வருது, வராத அன்னிக்கு குடம் என்ன விலை, யாருகிட்ட சொன்னா வண்டி வரும். கடைசிக் கேள்விதான் முக்கியம். "யாருகிட்ட சொன்னா நடக்கும்"னு கேட்டா ஒரு தெருவுல கவுன்சிலர் பேரு வரும், ஒரு தெருவுல ஜமாத் தலைவர், ஒரு தெருவுல சங்கத் தலைவர், ஒரு இடத்துல பங்குச்சாமியார், சில இடத்துல "யாருகிட்ட சொன்னாலும் நடக்காது"ன்னு வரும். அந்த கடைசிப் பதில் அதிகமா வர்ற தெருவுல நாம் தமிழர் ஓட்டையும் நோட்டாவையும் எடுத்துப் பாருங்க, எனக்கு ரெண்டு மூணு தடவ ஒத்துப் போயிருக்கு. 2024ல நம்ம தொகுதியில நாம் தமிழர் 97,672, மூணாவது வந்த அதிமுகவுக்கும் அவங்களுக்கும் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். சின்னக் கட்சின்னு ஓரமா வைக்க முடியாது, எந்த பூத்துல கூடுச்சுன்னு பாக்கணும், குறிப்பா முதல் ஓட்டுப் பசங்க நிறைய இருக்க பாகத்துல.

கேக்குற நேரமும் இடமும் மாத்தி மாத்தி இருக்கட்டும். காலையில மீன் ஏலத்துல ஆம்பளைங்க, பத்து மணிக்கு மேல ரேஷன் கடை க்யூவுல பொம்பளைங்க, சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டு, அசர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் திண்ணை. முஸ்லிம் தெருவுல அண்ணனைக் காக்கான்னு கூப்பிட வேண்டிய இடத்துல அண்ணேன்னு கூப்பிட்டா ஒண்ணும் குடிமுழுகாது, ஆனா காக்கான்னு கூப்பிட்டா இன்னொரு அஞ்சு நிமிஷம் பேசுவாங்க. நோட்டை வெளிய எடுக்காதீங்க, வீட்டுக்கு வந்து எழுதுங்க.

வார்டு தேர்தலைத் தனி நோட்டுல வைங்க. 2022 பிப்ரவரி 19ல நடந்த நகராட்சித் தேர்தல்ல உங்க வார்டுல ஜெயிச்ச கட்சிய வச்சு அந்தத் தெரு அந்தக் கட்சின்னு முடிவு கட்டாதீங்க, வார்டுல சில நூறு ஓட்டுலதான் முடிவு, மாமன் மச்சான், யாரு கல்யாணத்துக்கு வந்தான், யாரு சாவுக்கு வரல, அதுதான் ஓடும். சுயேச்சை ஜெயிச்சுட்டு மறுவாரம் ஏதாவது கட்சியில சேந்துருப்பாரு. ஊராட்சித் தலைவர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது, அது ஊர்க்கூட்டத்தோட வேலை. ஆனா ஒரு உபயோகம் இருக்கு, ஊர்க்கூட்டமோ ஜமாத்தோ ஒருத்தர நிறுத்தி அவரு தோத்துப் போனாருன்னா அந்த ஊர்ல "மேல சொன்னா கீழ போடுவாங்க"ங்கிற கதை பொய்னு தெரிஞ்சு போகும்.

கடைசியா ஒரு பெரிய தப்பு, நானும் செஞ்சது. பட்டியல்ல பேரைப் பாத்து மதம், சாதி ஊகிச்சு, "இந்த பூத்துல இன்னாரு 70 சதவீதம், ஏணிக்கு 70 சதவீதம், ஆக இவங்கதான் போட்டாங்க"ன்னு முடிச்சுர்றது. பூத்து சொல்றது பூத்தோட கணக்கு, ஆளோட கணக்கு இல்ல. அந்த 70ல வராதவங்க எத்தனை, மிச்ச 30ல போட்டவங்க எத்தனை, யாருக்கும் தெரியாது. நம்ம தொகுதியில 2014ல இரட்டை இலையில அன்வர் ராஜா, திமுகவுல முகமது ஜலீல், ரெண்டு பேருமே முஸ்லிம், பேரைப் பாத்துக் கணக்குப் போடுறவரு அந்த வருஷம் என்ன பண்ணுவாருன்னு கேளுங்க. பட்டியலையும் நோட்டையும் யாருக்கும் அனுப்பாதீங்க, வீட்டு நம்பரோட இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு டிக் அடிச்ச பேப்பர் தப்பான கைக்குப் போனா தண்ணி வண்டி அந்த வீட்டு வாசல்ல நிக்காமப் போயிரும். என் கடையில அப்படி ஒரு பேப்பரை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு வந்தாங்க, மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பார்ம் 20 ஓட்டு முடிஞ்ச உடனே கைக்கு வராது, சில நேரம் மாசக் கணக்குல ஆகும். அதுக்குள்ள அன்னைக்கு ஊர்ல யாரு இருந்தா யாரு இல்லைன்னு மறந்து போயிரும். அதனால ஓட்டு முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே நோட்டைத் தொறந்து ஒவ்வொரு பூத்துக்கும் எதிர்ல நாலு விஷயம் எழுதிருங்க: படகு கரையில கிடந்துச்சா கடல்ல இருந்துச்சா, வெளிநாட்டுல இருக்கவங்க குத்துமதிப்பா எத்தனை வீட்டுல, அன்னிக்கு என்ன விசேஷம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரிசையில நின்னது ஆம்பளையா பொம்பளையா. ஓட்டு நம்பருக்குக் கட்டத்த காலியா விட்டு வைங்க, அது மெதுவா வரட்டும்.